கரண்ட் குறைந்த காலத்துக்கும் ஒரு கணினி, ஒரு நூலகம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உங்கள் போனில் இருக்கும் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிளவுடில் கிடக்கிறது என்றால், அதைப் பார்க்க என்னென்ன வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்? போன், அதன் பேட்டரி, அந்த ஆப், ஆப்பின் இப்போதைய பதிப்பை ஏற்கும் ஓஎஸ் (இயங்குதளம்), செல்போன் டவர், எங்கோ ஒரு தரவு மையத்தில் இரவு பகலாக ஓடும் சர்வர்கள், அவற்றைக் குளிர்விக்கும் ஏசி, உங்கள் பாஸ்வேர்டு, அது மறந்தால் ஓடிபி வந்து சேரும் நம்பர், சந்தா வாங்கும் நிறுவனம். ஒன்று போனாலும் படம் போச்சு. அதே படம் ஒரு ஹார்ட் டிஸ்கில் சாதாரணக் கோப்பாக இருந்தால் டிஸ்க், கணினி, கொஞ்சம் மின்சாரம் போதும். காகிதத்தில் இருந்தால் வெளிச்சம் மட்டும் போதும்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்: இதைப் படிக்க இன்னும் என்னென்ன ஓடிக்கொண்டிருக்க வேண்டும்? மின்சாரச் சிக்கனத்தைத் தனியாகவும் தகவல் பாதுகாப்பைத் தனியாகவும் பேசுவார்கள், எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் நடுவில் நிற்கும் ஒவ்வொரு அடுக்கும் கரண்டும் தின்னும், ஒருநாள் பழுதாகவும் செய்யும். உலகம் முடியப்போகிறது என்று பயமுறுத்தும் எண்ணம் இல்லை. மின்வெட்டு, விலை ஏற்றம், இணையம் சரியாகக் கிடைக்காத இடம், அல்லது சும்மா இவ்வளவு எதற்கு என்ற சலிப்பு, எந்தக் காரணத்துக்காக நீங்கள் வந்திருந்தாலும் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றேதான்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று. ஒரு ஸ்மார்ட்போனின் ஆயுள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் அதன் கார்பன் உமிழ்வில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது, நீங்கள் சார்ஜ் போடுவது அதில் சிறு பகுதி. எனவே குறைந்த மின்சாரம் எடுக்கும் புதுக் கருவி வாங்குவதைவிட, இருக்கும் கருவியை இன்னும் ஐந்து வருடம் ஓட்டுவது பெரும்பாலும் மேல்.

முதல் படி: எதை வைத்துக்கொள்வது

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் எதுவும் மிஞ்சாது. மூன்று குவியலாகப் பிரியுங்கள். உங்களிடம் மட்டுமே இருப்பவை (குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், நீங்கள் எழுதியவை, பாட்டியின் குரல் பதிவு). வேறு இடத்திலும் கிடைக்கும், ஆனால் இணையம் இல்லாதபோது தேவைப்படுபவை (கலைக்களஞ்சியம், அகராதி, வரைபடம், பழுதுபார்க்கும் கையேடுகள்). மிச்சமெல்லாம் மூன்றாவது குவியல், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அளவைப் பற்றி ஒரு உணர்வு வேண்டும். போனில் ஒரு மணி நேரம் 4கே வீடியோ எடுத்தால் 10 முதல் 20 ஜிபி வரை போய்விடும். யூனிகோட் தமிழில் (யூடிஎஃப்-8 என்ற முறையில்) ஒரு எழுத்துக் குறிக்கு 3 பைட் ஆகிறது, ஆங்கிலத்துக்கு ஒன்றுதான், அப்படியிருந்தும் 300 பக்கத் தமிழ் நாவல் ஒன்று 2 எம்பிக்குள் அடங்கிவிடும். அதாவது அந்த ஒரு மணி நேர வீடியோ இருக்கும் இடத்தில் ஐயாயிரம் நாவல்களை வைக்கலாம். எழுத்தாக வைக்க முடிந்ததை எழுத்தாக வையுங்கள். கல்யாண வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை, அதிலிருந்து பத்து நிமிடத்தை வெட்டித் தனியாக வைத்தால் பிறகு யாராவது பார்க்கவாவது செய்வார்கள்.

இரண்டாவது படி: வடிவம்

பிரிட்டனில் 1986இல் பிபிசி ஒரு பெரிய வேலை செய்தது. 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, நாட்டின் அன்றைய வாழ்க்கையைப் படங்களும் குறிப்புகளுமாக லேசர் டிஸ்கில் பதிந்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் அந்த டிஸ்கைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன, 2002 வாக்கில் ஆய்வாளர்கள் பழைய கணினியை மென்பொருளாலேயே போலச் செய்துதான் அதை மீட்டார்கள். டிஸ்க் கெடவில்லை, அதைச் சுற்றியிருந்த அடுக்குகள்தான் செத்தன. 1086இன் ஏட்டை இன்றும் படிக்கலாம்.

தமிழில் இந்த வலி நமக்கு நன்றாகவே தெரியும். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் டைப் செய்த கோப்புகள் பாமினி, டாப், டாம், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியீட்டில் கிடக்கின்றன, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. உங்களிடம் அப்படிப்பட்டவை இருந்தால் இந்தப் படியில் முதல் வேலை அதுதான். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படியுங்கள், ணகர னகரம், கொம்பு, கால் எல்லாம் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. பழைய கோப்பையும் தூக்கிப் போடாதீர்கள்.

பிடிஎஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை: ஒரு பத்தியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். திரையில் அழகாகத் தெரியும் தமிழ் பிடிஎஃப் பலவற்றில் ஒட்டியதும் எழுத்துகள் சிதறிப்போகும். அப்படியானால் அது பார்க்க மட்டுமே உதவும், தேடவோ மாற்றவோ உதவாது, மூலக் கோப்பையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும். பிடிஎஃப்தான் வேண்டுமென்றால் பிடிஎஃப்/ஏ என்ற வகையில் சேமியுங்கள், 2005 முதல் ஐஎஸ்ஓ தரம், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடும்.

மற்றபடி எளிதுதான். எழுத்துக்கு யூடிஎஃப்-8 வெற்று உரை, கொஞ்சம் அலங்காரம் வேண்டுமென்றால் சாதாரண எச்டிஎம்எல். அட்டவணைக்கு சிஎஸ்வி, பெரிதென்றால் எஸ்க்யூலைட் (2050 வரை ஆதரிப்போம் என்று அதன் உருவாக்குநர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள், மென்பொருள் உலகில் இப்படிச் சொல்பவர்கள் அபூர்வம்). படத்துக்கு ஜேபெக், பிஎன்ஜி. ஒலிக்கு எம்பி3 அல்லது ஃப்ளாக். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்ன உரைக் கோப்பு போட்டு, படத்தில் இருப்பது யார், எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதுங்கள். படம் பிழைத்து, அதில் இருப்பது யாரென்று யாருக்கும் தெரியாமல் போவதும் இழப்புதான்.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் பழக்கத்தை நிஜமாகவே ரகசியமானவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும் ஒரு அடுக்கு.

மூன்றாவது படி: எதில் வைப்பது, எத்தனை இடத்தில்

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி மூன்றும் தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைப்பவை. அந்த ஊட்டம் மெதுவாகக் கசியும், வெப்பத்தில் வேகமாகக் கசியும். கணினித் துறையின் தரப்படி, எழுதி எழுதித் தேய்ந்துபோன சாதாரண எஸ்எஸ்டி ஒன்று கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைப் பிடித்திருந்தால் போதுமானது. புதியது அதைவிட அதிகம் தாங்கும், ஆனாலும் பரணில் பத்து வருடம் போட்டு வைக்கும் பொருள் இது கிடையாது.

ஹார்ட் டிஸ்க் காந்தமாகப் பதிவதால் சும்மா கிடக்கும்போது இதைவிடத் தேவலாம். அதில் கெடுவது பெரும்பாலும் இயந்திரப் பாகம்தான், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது ஓட விடுங்கள். எழுதும் சிடி, டிவிடியில் பெரும்பாலானவற்றில் இருப்பது சாயம், வெயில் பட்டால் வெளுக்கும். எம்-டிஸ்க் என்ற வகையில் சாயத்துக்குப் பதில் கனிமப் படலம், ஆயிரம் வருடம் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் டிஸ்கைப் படிக்கும் டிரைவ் அத்தனை வருடம் இருக்குமா என்பதுதான் என் சந்தேகம், இப்போதே லேப்டாப்களில் அது காணாமல் போய்விட்டது.

எனவே சாசுவதமான ஒரு பொருளைத் தேடி அலைய வேண்டாம். மூன்று படிகள் (நகல்கள்), இரண்டு வகைப் பொருள், ஒன்று வேறு வீட்டில். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் வெவ்வேறு நிறுவனத்துடையதாக வாங்குங்கள், ஒரே தொகுதியில் வந்தவை ஒரே சமயத்தில் படுத்துவிடலாம். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புதிய டிஸ்குக்கு மாற்றுவதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் தாண்டிப் போவது சரிபார்ப்பு. ஒரு கோப்பில் ஒரே ஒரு பிட் கெட்டுப்போனால் கணினி உங்களிடம் எதுவும் சொல்லாது, நீங்களும் கெட்ட கோப்பை நல்லதன் மேல் காப்பி செய்துவிடுவீர்கள். அதற்குத்தான் செக்சம். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கைக் கோப்பின் மேல் ஓட்டினால் 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் வரும், கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இதற்கான கட்டளை உண்டு. எல்லாக் கோப்புகளின் சரத்தையும் ஒரு உரைக் கோப்பில் எழுதி டிஸ்கிலேயே வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கெட்டது தெரிந்தால் இன்னொரு படியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு படி போக விரும்பினால் பார்2 என்ற கருவி இருக்கிறது, கூடுதலாகப் பத்து சதவீத இடம் கொடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு சேதத்தை அதுவே சரிசெய்துவிடும்.

நான்காவது படி: எந்தக் கணினி

இங்கேதான் எல்லோரும் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினி வாங்க ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிளக்கில் சொருகி வாட் காட்டும் மீட்டர் ஒன்று கடன் வாங்கியாவது வீட்டில் இருப்பதை முதலில் அளந்து பாருங்கள். சும்மா ஓடும் டெஸ்க்டாப் 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். பழைய லேப்டாப் 10 முதல் 20. ராஸ்பெர்ரி பை 4 சும்மா இருக்கும்போது 3 வாட் அளவு, பை ஸீரோ அரை வாட்டுக்குச் சற்று மேல்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 15 வாட் லேப்டாப்பை நாளுக்கு இரண்டு மணி நேரம் பயன்படுத்தி அணைத்தால் 30 வாட்-மணி. 3 வாட் பையை நாள் முழுக்க ஓட விட்டால் 72. சின்னக் கருவிதான், ஆனால் அணைக்கப்படாத சின்னக் கருவி. நாள் முழுக்க யாருக்காவது எதையாவது பரிமாற வேண்டிய அவசியம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் பை வாங்குங்கள்.

படிக்க மட்டும் வேண்டுமென்றால் உங்களிடம் இருப்பதிலேயே சிக்கனமான கணினி மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன். 5000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-மணி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டால் அதிலேயே பல மணி நேரம் படிக்கலாம். பயன்படுத்தாதபோது பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள், முழுதாக நிரப்பியோ காலியாகவோ விட்டால் சீக்கிரம் கெடும். உப்பிய பேட்டரி என்றால் அதைத் தொட்டுப் பழுதுபார்க்க முயலாதீர்கள், உடனே பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டியதுதான்.

பழைய லேப்டாப்பை எழுப்புவதற்கு: தூசியை ஊதி எடுங்கள், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான திரையமைப்புடன் லினக்ஸ் நிறுவுங்கள். 64-பிட் செயலியா என்று பாருங்கள், 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகைக்கு 32-பிட் பிசி நிறுவியே கிடையாது. கணினியை மூச்சு வாங்க வைப்பது பெரும்பாலும் பிரவுசர்தான், ஒரு விளம்பரத் தடுப்பான் போட்டால் பழைய கருவி இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அப்புறம், நிறுவிய அதே ஓஎஸ்ஸின் இமேஜை (நிறுவும் கோப்பை) ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள், இணையம் இல்லாத நாளில் மறுபடி நிறுவ வேண்டி வரலாம். உபரி சார்ஜர் ஒன்று, மதர்போர்டின் நாணய பேட்டரி ஒன்று.

ஐந்தாவது படி: சோலாரில் ஓட்டுவது

24 மணி நேரமும் ஓடும் அந்தப் பையையே எடுத்துக்கொள்வோம், நாளுக்கு 72 வாட்-மணி. நல்ல வெயில் நாளுக்கு நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்தால் 50 வாட் பேனல் 200 தரும், இழப்பெல்லாம் போக 140, 150 மிஞ்சும். இரண்டு நாள் மேகமூட்டத்தைத் தாங்க 150 வாட்-மணியாவது கைவசம் வேண்டும், 12 வோல்ட்டில் 15 முதல் 20 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போதும். லெட்-ஆசிட் என்றால் இரட்டிப்பு அளவு, ஏனென்றால் அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும்.

இன்வெர்ட்டர் வேண்டாம். பேட்டரியின் டிசியை (நேர் மின்னோட்டத்தை) ஏசியாக்கி (மாறு மின்னோட்டமாக்கி), மறுபடி அடாப்டரில் டிசியாக்கி, அந்த இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கே சில வாட் எடுக்கும், உங்கள் கணினி மொத்தமாக எடுப்பதே 3. பேனலிலிருந்து சார்ஜ் கண்ட்ரோலர், அங்கிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், அதற்குப் பின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர். ஃப்யூஸை மட்டும் விட்டுவிடாதீர்கள், சின்ன பேட்டரியும் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும் அளவு கரண்டைக் கக்கும்.

பேட்டரி இறங்கும்போது கணினி முறையாக அணைய வேண்டும். எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் மெமரி கார்டு குழம்பிப் போவது பையில் மிகச் சாதாரணம். கார்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்துவிட்டால் (மவுண்ட் என்பார்கள்) பாதித் தொல்லை தீர்ந்தது. இன்னொன்று, பை 5க்கு முந்தையவற்றில் சொந்தக் கடிகாரம் கிடையாது, இணையம் இல்லாமல் எழுந்தால் தேதி தவறாக இருக்கும், டிஎஸ்3231 என்ற சின்ன கடிகாரச் சில்லைச் சேருங்கள்.

ஆறாவது படி: இணையமில்லா நூலகம்

கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2007 முதல் இருக்கிறது. விக்கிப்பீடியாவை முழுசாக ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமல் தேடிப் படிக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியா படங்களுடன் 100 ஜிபிக்கு மேல், படமில்லாமல் ஏறக்குறைய பாதி. தமிழ் விக்கிப்பீடியா அதில் சிறு துண்டு, எனவே அதைப் படங்களுடனேயே இறக்குங்கள். போனிலும் ஓடும், பையில் போட்டால் வைஃபை எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லோரும் தங்கள் பிரவுசரிலேயே படிக்கலாம். விக்சனரி, மருத்துவக் கட்டுரைத் தொகுப்பு, 1971இல் தொடங்கிய குட்டன்பெர்க் திட்டத்தின் புத்தகங்கள் எல்லாம் அதே வடிவில் கிடைக்கின்றன. பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் கோப்புகள் இருக்கின்றன. வரைபடத்துக்கு ஓஎஸ்எம்அண்ட் போன்ற ஆப்களில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை முன்கூட்டியே இறக்கிவிடலாம்.

இறக்கியதை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

எப்போதும் இணைப்பில் இல்லாமல் மற்றவர்களோடு பரிமாறிக்கொள்வதும் பழைய வித்தைதான். 1984இல் தொடங்கிய ஃபிடோநெட்டில் கணினிகள் போன் கட்டணம் குறைவான இரவு நேரத்தில் ஒன்றையொன்று அழைத்து, சேர்ந்த கடிதங்களை மாற்றிக்கொண்டு துண்டித்துவிடும். கியூபாவில் வாரப் பொட்டலம் என்ற பெயரில் ஒரு டெராபைட் அளவு விஷயங்கள் ஹார்ட் டிஸ்கில் கைமாறிக் கைமாறி நாடு முழுக்கப் போனது. நீங்கள் செய்யக்கூடியது: மெயில்களை முழுசாக இறக்கி வைக்கும் மென்பொருள், மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க், வெளி இணையம் இல்லாமல் வீட்டு வைஃபையிலேயே இரண்டு கணினிகளை ஒத்துப்போக வைக்கும் சிங்க்திங். லோரா ரேடியோ சில கிலோமீட்டர் போகும், மிகக் குறைந்த கரண்டில், ஆனால் ஒருமுறைக்கு ஒன்றிரண்டு வரிச் செய்திதான்.

காகிதம்

அமிலமில்லாக் காகிதத்தில் (ஐஎஸ்ஓ 9706 என்று குறித்திருக்கும்) லேசர் பிரிண்டில் எடுங்கள், இங்க்ஜெட்டின் சாயம் ஈரத்தில் கலங்கும். பெரியதொரு க்யூஆர் கட்டத்தில் அதிகபட்சம் 2953 பைட் கொள்ளும், தமிழில் ஆயிரம் குறிகூட வராது, ஆகவே கட்டுரைகளை எழுத்தாகவே அச்சடித்துவிட்டு, பாஸ்வேர்டு போன்ற சாவிகளையும் செக்சம் பட்டியலையும் மட்டும் க்யூஆரில் போடலாம். எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, எதைக் கொண்டு திறப்பது என்று ஒரு பக்கம் எழுதிப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால்

பெர்மாகம்ப்யூட்டிங் (குறைந்த வளத்தில், நெடுங்காலம் ஓடும் கணினிகளைத் தேடும் சிந்தனை) என்று தேடினால் சுவாரசியமான ஆட்கள் கிடைப்பார்கள். விர்ஜில் டுப்ராஸ் எழுதிய கொலாப்ஸ் ஓஎஸ், பழைய இஸட்80 போன்ற சில்லுகளைக் குப்பையிலிருந்து பொறுக்கியெடுத்து ஓட்டும் நோக்கில் ஃபோர்த் என்ற நிரல் மொழியில் செய்யப்பட்டது. பாய்மரப் படகில் வாழ்ந்தபடி வேலை செய்யும் ஹண்ட்ரட் ராபிட்ஸ் இருவர் செய்த உக்ஸன் என்ற, மென்பொருளாகவே இயங்கும் கற்பனைக் கணினியில் 32 அடிப்படைக் கட்டளைகள், 64 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்த ஒருவர் அதை எந்தக் கருவியிலும் தனியாளாகவே மறுபடி எழுதிவிட முடியும். கற்றுக்கொள்ள அருமையானவை, ஆனால் குடும்பப் படங்களைக் காப்பாற்ற இங்கிருந்து தொடங்காதீர்கள்.

நமக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. யூனிகோடில் 'கெ' என்பது ககரமும் அதற்குப் பின் கொம்பும் என்றுதான் சேமிக்கப்படுகிறது, திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய நடுவில் ஒரு மென்பொருள் தேவை. லினக்ஸின் வெறும் கன்சோலுக்கே அது தெரியாது, இப்படிப்பட்ட குட்டிக் கணினிகளுக்கு எங்கே தெரியப்போகிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான எளிமை தமிழுக்குப் போதாது. ஆகவே நூலக ஃபோல்டரிலேயே கட்டற்ற உரிமமுள்ள தமிழ் எழுத்துரு ஒன்றை (நோட்டோ, லோஹித் இரண்டில் எதுவானாலும்) போட்டு வையுங்கள், முக்கியமான பக்கங்களைப் படமாகவும் ஒரு படி எடுத்து வையுங்கள்.

எல்லாம் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூட்டரை அணைத்துவிட்டு, வீட்டில் கணினியோடு அதிகம் பழகாத ஒருவரிடம் டிஸ்கையும் நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு படத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எந்த இடத்தில் முழிக்கிறாரோ அந்த வரியை அன்றைக்கே திருத்தி மறுபடி பிரிண்ட் எடுங்கள்.